பிடித்தவை: உடை, பொருள், உணவு, உத்வேகம்

சோதனையக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் விமான நிலையத்துக் காபிக் கடைக்காரர். இருபத்தாறு வருடமாகப் பயணிகளின் கைப்பையைச் சோதிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வரிசையில் நிற்பவர்களுக்கும் அந்தப் பெயர் சரியென்றே படும். பெல்ட்டைக் கழற்றுங்க, ஷூவைக் கழற்றுங்க, தண்ணீரைக் கொட்டுங்க என்று அவள் சொல்லச் சொல்ல, 'இது என்னடா சோதனை' என்று பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஜூன் மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நிலையத்தின் மாத இதழை நடத்தும் மக்கள் தொடர்பு அதிகாரி அனுப்பியிருந்தார். 'கோடைப் பயணங்களில் பிடித்தவை. உடை, பொருள், உணவு, உத்வேகம். தலைப்புக்கு ஒன்று. சுருக்கமாகவும் சுவையாகவும் எழுதித் தரவும்.'

அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. பயணிகளிடமிருந்து பறித்தவற்றை எழுதி வைக்கிற பதிவேடு ஒன்று அவள் மேசையில் இருக்கிறது. அதன் அட்டையில் கொட்டை எழுத்தில் 'பிடித்தவை' என்றுதான் போட்டிருக்கும். உள்ளே மூன்று பத்தி: உடை, பொருள், உணவு. இருபத்தாறு வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? உத்வேகம் மட்டும் புதுசு. மேலிடம் அவ்வப்போது ஒரு பத்தியைக் கூட்டுவது வழக்கம்தான்.

"உத்வேகம்னா என்னங்க?" என்று ஸ்கேனர்காரரைக் கேட்டாள்.

"வேகம்தான். கொஞ்சம் கூடுதலா," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா பதிவேட்டைப் புரட்டி, மணிமணியான கையெழுத்தில் எழுதினாள்.

'உடை: முழங்கால் வரை வரும் பழுப்பு நிற பூட்ஸ். இடது குதிகாலுக்குள் லைட்டர். எளிமையான வேலைப்பாடு.

பொருள்: செடி வெட்டும் கத்தரி, இரண்டடி. கொண்டுவந்தவர் எழுபது வயதுப் பெரியவர். கடைசிவரை கையிலிருந்து விடவில்லை.

உணவு: அன்னாசிப்பழ ஜாம், வீட்டில் செய்தது, நானூறு கிராம். மூடியில் நீலத் துணி கட்டியது. கொண்டுவந்தவர் நெருங்கிய உறவு.

உத்வேகம்: ஜூன் பதினொன்றாம் தேதி ஒருவர் தடுப்பைத் தாண்டி ஓடி வந்தார். விமானம் கிளம்ப நான்கு நிமிடம் இருந்தது. பிடித்தோம்.'

அந்த நெருங்கிய உறவு அவளுடைய தங்கை. வயது நாற்பத்து நான்கு, வீட்டில் இன்னமும் பாப்பா. மே மாதம் அக்கா வீட்டில் வந்து பத்து நாள் இருந்தாள். கடைசி நாள் மாலை முழுக்க அடுப்படியில் நின்று ஜாம் கிளறினாள். "ருசி பாருக்கா" என்று கரண்டியை நீட்டினாள். அக்கா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம்" என்றாள்.

மறுநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது அக்கா சொல்லத்தான் செய்தாள். "அதைப் பெரிய பெட்டியில வை. கைப்பையில கொண்டுவந்தா எடுத்துடுவேன்."

"நீதானே அங்க நிக்கப்போற?"

"அதனாலதான் சொல்றேன்."

பாப்பா இதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். அக்கா பிறந்ததிலிருந்து வேடிக்கையாக ஒன்றும் பேசியதில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வரிசையில் பின்னால் முப்பது பேர். பை ஸ்கேனருக்குள் போனது. ஸ்கேனர்காரர் திரையைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், தும்மல் வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள்.

"மேடம், இதைக் கொண்டுபோக முடியாது."

யாரைச் சொல்கிறாள் என்று பாப்பா திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவர் ஆண்.

"ஜாம் எப்படிக்கா தண்ணிக் கணக்குல வரும்?"

"பரவுற எல்லாமே வரும், மேடம்."

முதல் மேடத்தையாவது பாப்பா மன்னித்திருப்பாள். இரண்டாவது மேடத்தோடு பேச்சுவார்த்தை நின்றது.

பிடித்த உணவை அன்றே அழித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அக்கா பாட்டிலோடு ஸ்டோர் ரூமுக்குப் போனாள், அரை மணி கழித்து வந்தாள், 'அழித்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏன் அரை மணி என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் ரகமில்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு வரும் போன் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அக்கா மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் பாப்பா வீட்டுக்காரர்தான் எடுத்து, "குளிக்கிறா" என்றார். அந்த மனுஷருக்கு வேறு பொய் தெரியாது. அக்காவுக்கு இந்த உலகத்தில் பேச இருந்தது அந்த ஒரு குரல்தான். ஏழு ஞாயிறு போனது. பத்து மணிக்கு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள், பதினொன்றுக்கு எழுந்து துணி துவைக்கப் போவாள். வலித்தது. விதிப்படி நடந்ததற்கு வலிக்கக் கூடாது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஜூலையில் இதழ் வந்தது. நிலைய மேலாளர் தனக்குப் பிடித்தவையாக ஒரு வைக்கோல் தொப்பியையும் ஒரு சூரிய அஸ்தமனத்தையும் எழுதியிருந்தார். யாரும் சீண்டவில்லை. அக்காவின் பகுதிக்குத்தான் ஏக வரவேற்பு. பயணிகள் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

"மேடம், அந்த பூட்ஸ் எங்க கிடைக்கும்?" என்று ஒரு பெண் வரிசையில் நின்று கேட்டாள்.

"கிடைக்காது. எரிச்சாச்சு," என்றாள் அக்கா. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

காபிக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அக்கா நேரே மக்கள் தொடர்பு அதிகாரியிடம் போனாள்.

"என்ன ரசனை மேடம் உங்களுக்கு! 'எளிமையான வேலைப்பாடு'ன்னு ஒரு வரி போட்டீங்க பாருங்க..."

"அது லைட்டரை ஒளிச்சு வச்சிருந்த வேலைப்பாடு. நான் எழுதினது பறிமுதல் பட்டியல். திருத்தம் போடணும்."

அவர் முகம் சுருங்கிப் போனது. மூன்று மணிக்குள் எழுதிக் கொடுத்தால் அடுத்த இதழில் போடலாம் என்றார். அக்கா ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதினாள்: 'சென்ற இதழில் என் பெயரில் வந்தவை நான் பிடித்தவை. எனக்குப் பிடித்தவை அல்ல.'

அப்போது போன் அடித்தது. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணி.

"அக்கா."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரோ அனுப்பினாங்க. படிச்சேன்," என்றாள் பாப்பா. "ஊரே படிக்கிற புத்தகத்துல என் ஜாமைப் பிடிச்சிருக்குன்னு போட்டிருக்க. நெருங்கிய உறவுன்னு வேற. அழுதுட்டேன்க்கா."

அக்கா 'ம்' என்று ஒன்று சொல்லியிருந்தால் போதும். எல்லாம் சரியாகப் போயிருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"அது தப்பு, பாப்பா," என்றாள் அக்கா. "நான் பிடிச்சதை எழுதச் சொல்றாங்கன்னு நினைச்சேன். எனக்குப் பிடிச்சதைக் கேட்டிருக்காங்க."

"அப்போ கத்தரியும் ஜாமும் ஒண்ணுதான் உனக்கு."

"பதிவேட்டுல ஒண்ணுதான்."

"அதானே பார்த்தேன். குப்பையில கொட்டின ஜாம் எப்படிப் பிடிக்கும்? எனக்குத்தான் புத்தியில்ல. வைக்கிறேன்."

"வைக்காத. குப்பையில கொட்டல."

"கொட்டணுமே. அதுதானே உன் விதி?"

"அழிக்கணும்னுதான் விதி. எப்படின்னு போடல." அக்கா செருமிக்கொண்டாள். "சாப்பிட்டேன். இதே ரூம்ல, நின்னுக்கிட்டே. முழு பாட்டிலும்."

"நானூறு கிராமா?"

"அரை மணி நேரம் ஆச்சு."

"ஸ்பூன்?"

"இங்க ஏது ஸ்பூன்?"

பாப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"சர்க்கரை தூக்கல்," என்றாள் அக்கா. பிறகு, "நிறுத்த முடியல," என்றாள்.

"ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்," என்று பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வைத்தாள்.

மணி இரண்டு நாற்பது. அக்கா உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த திருத்தத்தை இன்னொரு முறை படித்தாள். அதில் ஒரு பிழை இருந்தது. பேனாவை எடுத்துக் கடைசியில் சேர்த்தாள்: 'உணவு நீங்கலாக.'