முன்னால் நடக்கிறவள்

பயிற்சிக் கூடத்தில் ஆளுக்கு ஒரு கை கூழாங்கல் கொடுத்தார்கள். அவைதான் மாடுகள். பாடம் நடத்த வந்த பெண் சீட்டு எடுப்பாள். வறட்சி என்று வந்தால், இருக்கிற புல்லுக்குத் தக்கபடி கற்களை விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாதி செத்துப்போகும். முதல் சீட்டே வறட்சி. என் மனைவி மளமளவென்று பாதியைத் தள்ளிவிட்டாள். நான் ஒன்றையும் விடவில்லை. ஆட்டம் முடிந்தபோது என் முன்னால் வெறும் தரை.

"கல்ல விக்கக்கூட மனசு வரல இந்த மனுசனுக்கு," என்றாள். கூடமே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"உடம்புல சதை இருக்கறப்பவே வித்துடுங்கண்ணா. எலும்பானப்புறம் யார் வாங்குவா?"

போன வறட்சியில் செத்த மாடுகளை இழுத்துக் குழியில் தள்ளிய கை இது.

இந்த வருடமும் மேய்ச்சல் நிலத்தில் மண் தெரிய ஆரம்பித்ததும் வியாபாரியை வரச் சொன்னோம். சினை பிடிக்காததை முதலில் விற்க வேண்டும் என்பது பாடம். அப்படிப் பார்த்தால் மந்தையிலேயே வயதான பசு, எங்கள் பெரியவள்தான் முதலில் போக வேண்டும். ஆனால் மந்தை மொத்தமும் அவள் பின்னால்தான் நடக்கும்.

"அவள மட்டும் வச்சுக்குவோமா?" என்றேன்.

"அவ திங்கற புல்லுல ஒரு சினைமாடு பொழைக்கும்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லாரிப் பலகையில் ஏற மாடுகள் அடம்பிடித்தன. வியாபாரி பிரம்பை ஓங்கினார். "அடிக்காதீங்க, இருங்க," என்று பெரியவளை முன்னால் விட்டேன். தண்ணீருக்குப் போகிறவள் போல நிதானமாக ஏறினாள். விற்றவை வரிசையாகப் பின்னால் ஏறின. விற்காதவையும் வேலியை முட்டின.

"இதுகளும் வருதாம்பா, ஏத்திக்கவா?" என்று சிரித்தார் வியாபாரி.

லாரி போன பிறகு மீதி மாடுகள் வாசலிலேயே நின்று ரோட்டைப் பார்த்தன. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு அந்தப் பக்கம். வெயில் ஏறியது. பின்னாலிருந்து அதட்டினேன், முதுகில் தட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வாசலுக்கே வந்தன. எதை விற்பது என்றே யோசித்துக்கொண்டிருந்த நாங்கள், இவை இனி யார் பின்னால் நடக்கும் என்று யோசிக்கவேயில்லை.

"கத்தாதீங்க. மெரளுது பாருங்க," என்ற மனைவி, மாடுகளுக்கு முன்னால் போய், மேட்டைப் பார்த்து மெல்ல நடக்க ஆரம்பித்தாள். பெரியவளும் திரும்பிப் பார்க்காமல்தான் நடப்பாள்.

கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே கேட்டாள். "வருதுங்களா?"

ஒரு சினைமாடு அசைபோடுவதை நிறுத்தி, ரோட்டிலிருந்து தலையைத் திருப்பி, அவள் முதுகைப் பார்த்தது.

"நீ நட, நட," என்றேன், சத்தம் போடாமல்.