இரண்டாவது டுப்

ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு நான் வால் வடிவமைக்கிறேன். ஆறு வருடமாக ஒரே வால். "இன்னைக்கு வாலாட்டி முடிச்சாச்சா?" என்று என் தங்கை தினமும் வாருவாள்.

அந்த வேகத்தில் விமானம் போனால் தரையில் வெடிச்சத்தம் கேட்கும். அதனால் ஊருக்கு மேல் பறக்க அனுமதி இல்லை. எங்கள் விமானம் மெல்ல 'டுப்' என்று ஒரே தடவை தட்டும், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தோம். சோதனைப் பறப்பன்று கீழே குடியிருந்தவர்களிடம் படிவம் கொடுத்து, கேட்ட சத்தத்தை எழுதச் சொன்னோம். எல்லோரும் 'டுப்' என்று எழுதியிருக்க, விமானப் பாதைக்கு நேர் கீழே கடை வைத்திருந்த தையல்காரம்மா மட்டும் 'டுப் டுப்' என்று எழுதியிருந்தார்.

"நம்ம ஆளுங்க எதைத்தான் ஒரு தடவை சொல்றாங்க? சிரிச்சா கலகல, நடந்தா விறுவிறு, கதவத் தட்டினா தடதட. ஒரு டுப்பை அடிச்சிட்டு கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. சாயங்காலம் அறிக்கை போகணும்" என்றார் தலைமைப் பொறியாளர். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் படிவத்துல ஒரு டுப் போதும்தானே?"

அவர் கத்தரிக்கோல் பிடியால் மேசையில் தட்டிக் காட்டினார். லேசாக ஒன்று, உடனே பலமாக இன்னொன்று.

"ரெண்டும்மா. பின்னாடி வந்ததுதான் பெருசு."

"எதிரொலியா இருக்கும்க்கா." அந்தக் கடைப் பக்கம் நாங்கள் வைத்திருந்த மைக்கில் பதிவான இரண்டாவது சத்தத்தை எங்கள் கணினியும் எதிரொலி என்றுதான் ஒதுக்கித் தள்ளியிருந்தது.

"எதிரொலி, கத்தினவனை விடப் பெருசாவா கத்தும்?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் சத்தம் விமானத்தின் மூக்கு போடுவது. பின்னால் வருவது வாலுடையது. அதை அடக்கிவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். வாசலில் நின்றே போன் செய்தேன்.

"சார், எதிரொலி இல்ல. என் வால்தான்."

பெருமூச்சு கேட்டது. "இன்னும் ஒரு வருஷம் இழுக்குமே..." பிறகு, "சரி, அறிக்கைய நிறுத்தறேன்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று வரவில்லை. இந்த வாலை அப்படியே அனுப்பியிருந்தால் எத்தனை வீட்டில் பச்சைக்குழந்தைகள் தினமும் அலறி எழுந்திருக்கும்? உள்ளே போய்த் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப நன்றிக்கா. நல்லவேளை, நீங்க விட்டுக்கொடுக்கல."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அட நீங்க வேற! இன்னொரு தடவை கேட்டிருந்தா ஒரு டுப்பை அடிச்சிருப்பேன்ம்மா. நீங்கல்லாம் படிச்சவங்க."

இன்னொரு தடவை கேட்காமல் இருந்த என் வாய்க்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொண்டேன்.