மடிக்கு இடம்

தையல்காரி நாடாவை எடுத்துக் கணவரின் வயிற்றைச் சுற்றிப் பார்த்தாள். நேற்றைக்கு இன்று இரண்டு விரல் கூடியிருந்தது. மேல்கையில் சுற்றினாலோ நாடா மீந்து தொங்கியது. ஊரார் உடம்புக்கெல்லாம் அளவெடுத்தவள்தான். கையில் தேய்ந்து வயிற்றில் வளரும் இந்த மனிதருக்கு எந்த அளவை நம்பிச் சட்டை தைப்பாள்?

ஈரல் கல்லாகிவிட்டது என்றார்கள். குடிக்காதீர்கள், குடிக்காதீர்கள் என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. நல்ல ஈரலிலும் ரத்தத்திலிருந்து நீர் கசியுமாம். நிணநீர்க் குழாய்கள் அதை அள்ளிக்கொண்டுபோய்த் திரும்ப ரத்தத்திலேயே சேர்த்துவிடுமாம். இவருக்கோ இறுகிய ஈரலுக்குள் போக வழியில்லாமல் ரத்தம் முட்டுகிறது. கசிவு பெருகி, அந்தக் குழாய்களும் அள்ளி மாளாமல், மிச்சமெல்லாம் ஈரலின் மேல் வியர்த்து வயிற்றுக்குள் சொட்டுகிறது. டாக்டர் இதைச் சொன்னபோது இவர் சிரித்தார்.

"அடைப்பு ஒரு இடம், ஒழுக்கு வேற இடம். எங்க தொழில்தானே டாக்டர் இது!"

ஆயுசு முழுக்க ஊரான் வீட்டுக் குழாயைச் சரிசெய்தவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அவளுக்குத்தான் வயிறு எரிந்தது.

வயிற்றில் குத்திய குழாய் கட்டிலுக்கடியில் இருந்த ஜாடிவரை இறங்கியிருந்தது. ஜாடிக்குச் சற்று மேலே ஒரு திருகு. அதை இறுக மூடிவிட்டு நர்ஸ் சொன்னாள்:

"மருந்து பாட்டில் இன்னும் வரல. அது ரத்தத்துல ஏற ஏறத்தான் வயித்துத் தண்ணிய இறக்கணும். சும்மா இறக்கினா ரத்தத்துல இருக்கிறதும் பின்னாடியே போயிடும், பிரஷர் விழுந்துடும். நான் போய் வாங்கிட்டு வர்றேன். திருகுல கை வெக்காதீங்கம்மா."

அவள் தலை மறைந்ததும் இவர் ஆரம்பித்தார்.

"பாப்பா வந்துடுமே."

மகள் பிள்ளை பெற்ற பிறகு முதல்முறையாக வருகிறாள். பேத்தியை இவர் இன்னும் தொட்டதில்லை.

"வரட்டுமே. அதுக்கென்ன இப்ப?"

"எங்க உக்கார வெப்பேன்? மடியே இல்லையேடி எனக்கு."

பார்த்தாள். உண்மைதான். வயிறு முட்டிவரை வந்து உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சமா தொறந்து விடேன். எனக்குக் குனிய முடியல."

"சும்மா இருங்க. அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சுல்ல?"

"எத்தனை அடைப்பு எடுத்திருக்கேன்! தேங்கின தண்ணி எறங்கினா நல்லதுதான். எனக்குத் தெரியாதா?"

படுக்கையில் விழுந்ததிலிருந்து எதையும் வேண்டும் என்று கேட்காத மனுஷன். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு குனிந்து திருகைத் தளர்த்தினாள். போதாது என்று அவர் கையசைக்க, முழுக்கவே திறந்தாள்.

மஞ்சள் நீர் சளசளவென்று இறங்கியது. வயிறு வற்ற வற்ற அவருக்கு மூச்சு சீரானது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடியும் நாடாவைப் போட்டாள். முழுசாக ஒரு சாண் குறைந்திருந்தது. அவர் தொடையைத் தட்டிக்காட்டினார்.

"பாத்தியா, மடி!"

அப்புறம் கொட்டாவி விட்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது. உதடு வெளுத்தது.

"ஃபேன அணைச்சுடேன். குளிருது."

ஃபேன் ஓடவே இல்லை. என்னங்க, என்னங்க என்று அவள் கன்னத்தைத் தட்டினாள்.

பாட்டிலோடு வந்த நர்ஸ் பாய்ந்து திருகை அடைத்தாள். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திவிட்டு, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள்.

"யாரு தொறந்தது இத?"

தையல்காரி கையிலிருந்த நாடாவைச் சுருட்டினாள்.

"நான்தான் சிஸ்டர்," என்றார் அவர், குழறலாக. "குழாய்க்காரன் கை... சும்மா இருக்குமா?"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த திருகைப் பார்த்தாள். கடைசியாக இவளைப் பார்த்தாள். பாட்டிலை மாட்ட ஆரம்பித்தாள்.

"அப்பா, யாரு வந்திருக்கா பாருங்க!" வார்டு வாசலில் மகளின் குரல்.

அவர் கண் திறக்கவில்லை. போர்வை தொடைமேல் தட்டையாகக் கிடந்தது. ஒரு குழந்தை உட்காரத் தாராளமாக இடம் இருந்தது.