பச்சை வைத்த கொக்கி

அப்துல் சத்தாருக்கு மறதி அதிகம். அந்த மறதியில்தான் பதினைந்து கடை முளைத்தது என்று சொன்னால் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நடந்தது அதுதான்.

தொண்ணூற்று மூன்றில் காஞ்சிபுரத்து சில்லறை இரும்புக் கடைக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். தனித்தனியாகப் போனால் சென்னை மொத்த வியாபாரி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். கூட்டமாகப் போனால் நாற்காலி போட்டு டீ சொல்லுவான். ஆணி, தாழ்ப்பாள், பைப்பு, கொக்கி எல்லாம் ஒரே லாரியில் வந்து இறங்கும். சரக்கைப் பார்த்து உள்ளே விடுகிற வேலை சத்தாருக்கு. பளு தாங்கவேண்டிய கொக்கி எது வந்தாலும் பத்துப் பத்தாக ஒன்றில் ஒன்று கோத்து, குடோன் உத்திரத்தில் மாட்டி, அடியில் ஆறு மூட்டை சிமெண்டைத் தொங்கவிடுவார். மதியம் தொழுதுவிட்டு வந்து பார்ப்பார். வாய் விரியாமல் இருந்தால் தேறியது. ஆனால் தேறியது எது, தேறாதது எது என்று அரை மணி நேரத்தில் மறந்துபோகும். அதனால் கதவுக்கு அடித்து மீந்த பச்சை பெயிண்டில் விரலைத் தோய்த்து, தேறிய கொக்கியின் கழுத்தில் ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவுதான் சங்கதி.

ஜனங்கள் அதோடு விடுவார்களா? பிள்ளையார்பாளையத்தில் தறி போடுகிறவர்களுக்குத் தலைக்கு மேலே சேலையில் பூ வேலை போடுகிற ஜக்கார்டு பெட்டி தொங்கும். அதைத் தாங்குகிற கொக்கியில் பச்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு தூளிக்கு, ஊஞ்சலுக்கு, கிணற்றுக் கப்பிக்கு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து ஊரெல்லாம் வீடு கட்டத் தொடங்கியதும் சங்கத்துக்குக் கிளை மேல் கிளை. கடைசியில் கடைப் பலகையிலேயே பெரிய பச்சைப் பொட்டு வரைந்துவிட்டார்கள்.

பக்கத்தில் கூரம் கிராமத்தில் பழனி என்று ஒருவன். ஐம்பது அடிக் கிணற்றிலும் இறங்கித் தூர் வாருவான். இறங்குவதற்கு முன்னால் கப்பி மாட்டிய கொக்கியைத் தொட்டு, அந்தப் பச்சையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். முதல் தடவை பார்த்தபோது சத்தாருக்கு உடம்பு கூசியது.

"ஐயோ, அது வெறும் பெயிண்டுப்பா!"

"உங்களுக்குப் பெயிண்டு பாய். எனக்கு உசுரு" என்றான் பழனி.

இரண்டாயிரத்து ஒன்றில் எட்டாவது கடை திறந்தபோது சங்கச் செயலாளர் யதிராஜன் பேச்சை எடுத்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி.

"பாய், நீர் பத்துப் பத்தா தொங்கவிட்டுப் பார்த்துண்டிருந்தா பாதிக் கடையில சரக்கே இருக்காது. கொக்கி அடிக்கிற பட்டறையிலேயே பளு பார்த்து, பச்சையும் வச்சு அனுப்பச் சொல்லிடுவோம்."

சத்தாருக்கு அப்போது தோள்பட்டை வலி. மூட்டை தூக்கித் தூக்கி வந்த வலி. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. தலையாட்டினார். தலையாட்டியதோடு நிற்காமல், இந்தப் பச்சைதான் வேண்டும், மாறக் கூடாது என்று தன் டப்பாவிலிருந்து ஒரு தகரத்தில் தீற்றிப் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். முதல் லாரி வந்தது. பச்சை வெளிறியிருந்தது. முழு லாரியையும் திருப்பி அனுப்பினார். "பாய் கண்ணுக்குத் தப்புமா!" என்று கமிட்டியே மெச்சியது. நிறம் சரியாகி வந்த இரண்டாவது லாரியில் அவர் ஒரு கொக்கியைக்கூடத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கு, வைகாசி. வெள்ளிக்கிழமை கூரத்தில் பதினைந்தாவது கடை திறப்பு. புதன்கிழமை காலை பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏலவார்குழலி வந்தாள். தறிக்காரி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொக்கியை எடுத்துக் கொடுத்தாள். அதன் வாய் நன்றாக விரிந்திருந்தது.

"பெட்டி சாஞ்சிடுச்சு பாய். தலைக்கு நாலு விரக்கடைதான் தள்ளி உழுந்துச்சு."

சத்தார் கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"நாங்கதான் கோணலா மாட்டிட்டோம் போலக்குது. வேற ஒண்ணு குடு பாய், பச்சை வச்சதா."

நல்ல வேளை, ஒரு மணி நேரம் கழித்து வா என்று அவளை அனுப்பிவிட்டார். புதுக் கொக்கிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பத்துக் கொக்கியைக் கோத்து மாட்டினார். ஒரு மூட்டை. இரண்டு மூட்டை. மூன்றாவது மூட்டையைக் கட்டிவிட்டு முதுகை நிமிர்த்துவதற்குள் நடுவிலிருந்த கொக்கி சத்தமே இல்லாமல் வாயைத் திறந்தது. சிமெண்டு தரையில் கொட்டிப் புகைந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் இதே சரக்கில் ஒரு பெட்டி கூரத்துக்குப் போயிருந்தது. புதுக் கடைக்குப் பின்னால் கிணறு. திறப்புக்குள் தூர் வாரவேண்டும் என்று பழனியை வரச் சொல்லியிருந்தார்கள்.

கூரத்தில் இருந்த யதிராஜனின் செல்போனுக்கு அடித்தார்.

"வாத்தியாரே, பழனிய எறக்காதீங்க. கொக்கி சரியில்ல."

"காலம்பறவே இறங்கிட்டானே பாய். பாதி வேலை முடிஞ்சுடுத்து. பச்சையெல்லாம் இருக்கு, நானே பார்த்தேன். நீர் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீர். இங்க பந்தக்கால் நடறா."

போன் வைக்கப்பட்டது. சத்தார் ஷேர் ஆட்டோ ஒன்றை மடக்கி ஏறினார். டிரைவர் ஆள் சேரட்டும் என்றான். எல்லா சீட்டுக்கும் நானே காசு தருகிறேன், கிளப்பு என்று கத்தினார். வழியெல்லாம் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கூரத்தில் பந்தல் பாதி எழும்பியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். கிணற்றடியில் நாலு பேர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பழனி மேலே வந்துகொண்டிருந்தான். சத்தாரின் கண் நேரே கொக்கிக்குப் போனது. பச்சை அப்படியே பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே வாய் ஒரு விரல் அகலம் விரிந்திருந்தது.

"இழுக்காதீங்கப்பா! அப்படியே நில்லுங்க! பழனி, பக்கத்துக் கல்லப் புடிச்சிக்கோ!"

"யாரு, பாயா? வாங்க பாய்!" கிணற்றுக்குள்ளிருந்து பழனி அண்ணாந்து சிரித்தான்.

டக் என்று ஒரு சின்ன சத்தம். கப்பி விழுந்தது. நாலு பேர் உள்ளங்கையையும் அறுத்துக்கொண்டு கயிறு ஓடியது. அடியில் சேறு இருந்ததால் பழனி உயிர் பிழைத்தான். இரண்டு காலும் இடுப்பும் போயிற்று. இனி கிணற்றில் இறங்கமுடியாது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை சத்தார் அவன் கட்டிலருகே போய் நின்றார். பழனியின் தம்பி முனுசாமி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை சத்தார் ஒரே மூச்சில் கொட்டினார்.

"தப்பு என்னுது பழனி. மூணு வருசமா ஒரு கொக்கியையும் நான் தொங்கவுட்டுப் பாக்கல. பட்டறைக்காரனும் பாக்கல. நீ கண்ணுல ஒத்திக்கினது வெறும் பெயிண்டு."

பழனி தலையை ஆட்டினான்.

"இல்ல பாய். நேத்து கெணத்துக் கன்னிமாருக்குக் கற்பூரம் ஏத்தாம எறங்கிட்டேன். வாத்தியாரு அவசரப்படுத்தினாரு. அதான் அவங்க கோவத்தக் காட்டிட்டாங்க. பச்சை மேல பழி போடாதீங்க பாய். பாவம்."

அவன் எழுந்து நாலு அறை அறைந்திருந்தால் சத்தாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வராந்தாவில் யதிராஜன் நின்றிருந்தார். "அவனே ஒண்ணும் சொல்லலை. நீர் ஏன் உளறிக்கொட்டறீர்?" என்றார். திறப்பு விழா தள்ளிப்போகவில்லை.

முனுசாமி பின்னாலேயே வந்தான். "கெணறு பாதில நிக்குது பாய். இன்னிக்கு சாயங்காலம் நான் எறங்கணும். ஒரு கொக்கி வேணும்."

இருவரும் பிள்ளையார்பாளையம் வழியாக குடோனுக்கு நடந்தார்கள். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கு மேலும் ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒரு கொக்கி. எத்தனை தலை என்று சத்தார் எண்ண ஆரம்பித்து, தெருமுனைக்குள் விட்டுவிட்டார்.

குடோனில் முனுசாமியை நிற்கவைத்து, அவன் கண் முன்னாலேயே ஆறு பெட்டிக் கொக்கியையும் தொங்கவிட்டார். எல்லாம் வரிசையாக வாய் பிளந்தன. தரையில் குவியல் சேர்ந்தது. கடைசியில் பழைய அலமாரியின் மூலையில் ஒரு கறுப்புக் கொக்கி கிடைத்தது. பச்சை வைக்க மறந்துபோன பழைய சரக்கு. ஆறு மூட்டையையும் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. சத்தாருக்குக் கண் கலங்கியது. கழற்றி அவன் கையில் வைத்தார்.

முனுசாமி அதை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"இதுல பச்சை இல்லியே பாய்."

"அடப்பாவி, இதுதாண்டா தாங்கிச்சு! நீயே பாத்துக்கினு நின்னியே!"

"பாத்தேன். இல்லன்னு சொல்லல. ஆனா பச்சை இல்லாம எப்படி எறங்குறது? எங்கண்ணன் ஒரு நாளும் எறங்கினதில்ல." அவன் கொக்கியைப் பணிவாகவே திருப்பி நீட்டினான். "முடியலன்னா வுடு பாய். கூரம் கடையில பச்சை வச்சதா பாத்து நானே ஒண்ணு எடுத்துக்கறேன்."

சத்தார் தன் பழைய டப்பாவைத் தேடி எடுத்தார். பெயிண்டு எப்போதோ காய்ந்து கல்லாகிக் கிடந்தது. முன்கடைக்குப் போய் ஒரு புது டப்பாவை எடுத்துவந்து மூடியைக் கெல்லினார். விரலைத் தோய்த்தார். கறுப்புக் கொக்கியின் கழுத்தில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார்.

முனுசாமியின் முகம் தெளிந்தது. இரண்டு கையாலும் வாங்கி, முதலில் ஒரு கண்ணில், பிறகு மறு கண்ணில் ஒற்றிக்கொண்டான். காயாத பச்சை அவன் இமைகளில் ஒட்டிக்கொண்டது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே கூரத்துக்குப் பஸ் ஏறப் போனான்.