முப்பத்தேழாவது லெவலில் இருந்த சுவர்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவருடைய கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து ஒரு சுவரை எடுத்துவிட்டேன். குளித்துவிட்டு வந்து ஆடினார். பத்தொன்பது நாளாக முடியாதது இருபது நிமிடத்தில் முடிந்தது. அன்றிலிருந்து அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், எனக்குத்தான் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கதை எழுதுகிறவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபம்.

; இப்படி அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகளை நீங்கள் தாண்டிப் போகலாம். அந்த விளையாட்டின் கோப்புகளில் இதுதான் வழக்கம். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. மனிதர்கள் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பு அது. எனக்குப் பிடித்துப்போனதால் இங்கேயும் வைத்துக்கொண்டேன்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்:

“அந்த வங்கி ஊழியருக்கு லேசான தொப்பை. ஓய்வு நேரத்தில் அவர் பெட்டி தள்ளும்

நிறுத்திவிட்டேன். கணவர் படித்தால் தன்னைத்தான் சொல்கிறாள் என்று கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக அவரை வங்கியில் சேர்த்துவிட்டேன். ஆனால் வங்கிக்காரர் எதற்காக ஒரு பெட்டியைப் பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டும்? அடுத்து இப்படி:

“பெட்டியை முன்னால் தள்ளலாம், பின்னால் இழுக்க முடியாது. வாழ்க்கையும்

இதையும் விட்டுவிட்டேன். ஒரு வாக்கியம் “வாழ்க்கையும்” என்று ஆரம்பித்தால் அதை அங்கேயே இறக்கிவிட்டுப் போவது எல்லோருக்கும் நல்லது.

ஆகவே உள்ளதையே எழுதுகிறேன். என் கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்தாறு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். சரக்குப் பெட்டிகளைத் தூக்கி, கூரை வரை போகும் அடுக்குகளில் கொண்டுபோய் வைக்கிற வண்டி. நாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தால் கிளாஸ் தட்டோடு பேசும். கிடங்கின் டாக்டர் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதர் அன்று முழுக்க அந்தச் சட்டையைக் கழற்றவேயில்லை.

3

விளையாட்டைக் கொண்டுவந்து போட்டது ஸ்பேனர். கிடங்கில் வண்டிகளைப் பழுது பார்க்கிறவர். அவருடைய உண்மையான பெயரைக் கேட்டால் அவர் மனைவிகூட ஒரு நொடி யோசிப்பார். “அண்ணே சும்மா உக்காந்து செவுத்தயே பாத்துட்டு இருக்காரு அண்ணி. இதயாவது பாக்கட்டும்,” என்றார்.

திரையில் ஒரு கிடங்கை மேலேயிருந்து பார்ப்பது போல இருக்கும். சுவர்கள், ஆறு பெட்டிகள், ஆறு புள்ளிகள், ஒரு குட்டி மனிதன். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்ப் புள்ளிகளின் மேல் நிறுத்த வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. ஒரு பெட்டி மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது, முதலிலிருந்து ஆட வேண்டும்.

“ரிவர்ஸே இல்லாத வண்டி! இந்த ஆள எங்க கிடங்குல அரை நாள் வெச்சிருக்க மாட்டாங்க,” என்றார் என் கணவர். ஆனாலும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கைதான் விடவில்லை. ஒரு தடவை அழுத்தினால் நடுக்கத்தில் இரண்டு தடவை அழுந்திவிடும், பெட்டி ஒரு கட்டம் கூடுதலாக ஓடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவர் எழுந்து போய்விட்டார். “கண்ணு கூசுது,” என்றார். கூசியது கண் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஸ்பேனருக்குப் போன் போட்டேன். “கேம் இருக்கிற ஃபோல்டர்ல செட்டிங்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும் அண்ணி. பயப்படாதீங்க, வெறும் எழுத்துதான். இடைவெளின்னு ஒரு நம்பர் இருக்கும், ஏத்தி விடுங்க.” பூஜ்யமாக இருந்ததை முந்நூறு ஆக்கினேன். இனி ஒரு தடவை அழுத்தியவுடனே வரும் இரண்டாவது அழுத்தலை விளையாட்டு சட்டை செய்யாது. அம்புக்குறிகளுக்குப் பதிலாக இடது கைக்கு வசதியான நாலு எழுத்துகளைப் போட்டேன். தவறாகத் தள்ளியதை ரத்து செய்து ஓரடி பின்வாங்குவதற்கு ஒரு விசை இருந்தது. அது கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார், அதை அணைத்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு லெவல் முடித்தார். “இன்னிக்குக் கண்ணு கூசல,” என்றார். எங்கள் வீட்டில் நன்றி சொல்வது இந்த அளவுக்குத்தான்.

4

முப்பத்தாறு வரை ஓடியது. முப்பத்தேழில் நின்றது.

அதே வாரம் கிடங்கு மேனேஜர் கூப்பிட்டார். வண்டி வேண்டாம், திட்ட மேசைக்கு வாருங்கள் என்றார். எந்தச் சரக்கை எந்த அடுக்கில் எந்த வரிசையில் வைப்பது என்று திரையில் பார்த்து முடிவுசெய்கிற வேலை. இவருக்கென்றே செய்துவைத்த நாற்காலி. நான் மனசுக்குள் குதித்தேன். இவர் என்னிடம் சொன்னது இது:

“கை போயிடுச்சு. மூளை இருக்கா இல்லையான்னு நானே முதல்ல பாத்துக்கணும்ல? முப்பத்தேழ முடிச்சா போறேன். இல்லன்னா இல்ல.”

“ஏங்க, விளையாட்டுக்கும் வேலைக்கும் என்னங்க சம்பந்தம்?”

“ரெண்டும் பெட்டிதானே.”

பத்தொன்பது நாள். காலையில் உட்கார்ந்தால் விளக்கு போடும்வரை. பேச்சு குறைந்தது. ஒரு நாள் தன் கையைத் தானே மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை குளியலறைக் குழாயின் சத்தம் கேட்டவுடன் ஃபோல்டரைத் திறந்தேன்.

செட்டிங்ஸ் கோப்புக்கு அடுத்த கோப்பில்தான் லெவல்கள் இருந்தன. அதுவும் வெறும் எழுத்துதான். சுவருக்கு #, பெட்டிக்கு $, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் புள்ளி, வெறுந்தரைக்குச் சின்னக் கோடு. முப்பத்தேழின் ஐந்தாவது வரிசை இது:

#--$-#--.#

நடுவில் முட்டுக்கட்டையாக நிற்கிறதே ஒரு சுவர், அதை எடுத்துவிட்டுக் கோடு போட்டேன்:

#--$----.#

குழாய் நின்றது. நான் சமையலறையில் இருந்தேன்.

அவர் ஐந்து பெட்டிகளைச் சேர்த்து முடித்து, ஆறாவதைத் தள்ளப் போகும்போது நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். விரல் விசைமேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தள்ளினார். திரை பச்சையானது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டேன். அந்த நடிப்புக்கு எனக்குக் கோப்பை கொடுக்கலாம்.

“முடிஞ்சுது,” என்றார். திங்கட்கிழமை மேனேஜரிடம் சரி சொல்லிவிட்டார். அடுத்த திங்கள் வேலையில் சேர வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஸ்பேனரும் முப்பத்தேழில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போனில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. “சனிக்கிழம பத்து மணிக்கு என் லேப்டாப்ப எடுத்துட்டு வரேண்ணே. என் கண்ணு முன்னாடி ஆடிக் காட்டணும்!” அவருடைய லேப்டாப்பில் சுவர் இருக்கிறது.

5

இன்று வியாழன். கணவர் பால்கனியில் துணி காயப்போடுகிறார், நான் அவருடைய கம்ப்யூட்டரில் அவரையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையில் எனக்குக் கணவர் மேல் சந்தேகம் இல்லை, மனைவி மேல்தான். அவள் அவருக்காக அதைச் செய்தாளா, அல்லது அவர் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் இருக்க முடியாமல் தனக்காகச் செய்துகொண்டாளா? இரண்டும்தான் என்று பூசி மெழுகலாம். ஆனால் நாலு வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகை ஆசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பியபோது ஒரு வரி எழுதியிருந்தார்: “உங்கள் கதைகளில் எல்லோருக்கும் கடைசியில் வேலை கிடைத்துவிடுகிறது.” அப்போது அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது புரிகிறது. யாராவது முட்டிக்கொண்டு நின்றால் எனக்குப் பொறுக்காது, சுவரை எடுத்துவிடுவேன். தாளில் இருக்கும் ஆட்களுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் ஆளுக்குத் தெரிந்தால்?

தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூளை இருக்கிறது என்று நம்பிக் கிளம்பியிருக்கிற மனிதர் வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுவார். என் மனைவியே என்னை நம்பவில்லை என்பதையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவார்.

; ஸ்பேனருக்கு ரகசியமாகப் போன் செய்து அவருடைய சுவரையும் எடுக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு சுவரை மறைக்க இன்னொரு சுவர். வெட்கமாக இருந்தது, போனை வைத்துவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை மூன்று முடிவுகள் எழுதினேன்.

; முடிவு ஒன்று. ஸ்பேனர் வருகிறார். லேப்டாப்பில் பெட்டி சுவரில் முட்டி நிற்கிறது. கணவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்க்கிறார். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை.

; முடிவு இரண்டு. மனைவி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். அவர் சிரித்து, அட இதுக்கா என்கிறார். (இதை நானே நம்பவில்லை.)

; முடிவு மூன்று. ஸ்பேனருக்குக் காய்ச்சல், வரவில்லை. (வெட்கங்கெட்ட முடிவு. ஆனால் மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.)

; இத எழுதுறது நான். உன் வங்கிக்காரன். எனக்குத் தொப்பை எங்க இருக்கு?

; சுவர் இல்லன்னு ஞாயித்துக்கிழமையே தெரியும். அஞ்சாவது வரிசை, ஆறாவது கட்டம். ஒரு சாண் இடைவெளியில இருபத்தாறு வருஷம் வண்டி திருப்பினவனுக்கு ஒரு கட்டம் காலியா கிடந்தா தெரியாதா? கடைசிப் பெட்டியத் தள்ளுறதுக்கு முன்னாடியே தெதெரியும். நீ பின்னாடி மூச்சப் புடிச்சுட்டு நின்னுட்டு இருந்த. அதனால தள்ளினேன்.

; மேனேஜர்கிட்ட சரின்னு சொன்னது ஜெயிச்சதால இல்ல. நான் ஜெயிக்கவே இல்லையே. முட்டிக்கிட்டு நின்னாலும் போகலாம்னு அப்பத்தான் தோணுச்சு.

; செவுத்தத் திரும்ப வெச்சுட்டேன். ஸ்பேனர்கிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே நான் குளிக்கிற நேரத்துல நீ அந்தப் பக்கம் போகாத.

7

சனிக்கிழமை காலை இந்தக் கதைக் கோப்பைத் திறந்தபோதுதான் இதையெல்லாம் பார்த்தேன். மூன்று முடிவுகளையும் எழுதியது நான். அவற்றின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளிகளைப் போட்டது அவர். யாரும் படிக்க வேண்டாம் என்று என் முடிவுகளை அணைத்துவைத்துவிட்டார்.

கதை எழுதும் நிரலில், இரண்டாவது அழுத்தலை ஒதுக்கிவிடும் அந்த முந்நூறு கிடையாது. அவர் அடித்ததில் பாதி எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. படிப்பவர்களுக்காகத் திருத்தினேன், ஒன்றை மட்டும் திருத்த மனம் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக எவ்வளவு நேரம் அடித்திருப்பார் என்று நினைத்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, “கண்ணு கூசுதா?” என்றார்.

இந்தக் கடைசிப் பகுதியைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. ஸ்பேனர் பத்து மணிக்கே வந்துவிட்டார். வாசலிலேயே கணவர் சொன்னார், “உள்ள வா. நான் இன்னும் முடிக்கலடா. அன்னிக்குச் செவுரு ஒண்ணு லீவுல போயிருந்துது.” ஸ்பேனர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் டீ போடப் போய்விட்டேன்.

இப்போது முன்னறையில் இரண்டு தலைகள் எங்கள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால்.

“அண்ணி! அண்ணன் பெட்டியக் கொண்டுபோய் மூலைல சொருகிட்டாரு!”

“சொருகலடா. வெச்சிருக்கேன்.”

“மூலைல வெச்சா எப்படிண்ணே எடுப்பீங்க?”

“அத அப்புறம் பாத்துக்கலாம். நீ எழுந்திரு, முதல்லேர்ந்து ஆடணும்.”

திங்கட்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருக்கிறார். முப்பத்தேழு முடியவில்லை. முடியுமா என்று எனக்குத் தெரியாது, கதையை முடித்துவைக்கும் உரிமையும் என்னிடம் இல்லை. வரிசை இப்போது இப்படி இருக்கிறது:

#--$-#--.#

உங்களில் யாருக்காவது இந்த விளையாட்டு தெரிந்திருக்கலாம், வழியும் தெரிந்திருக்கலாம். தயவுசெய்து எங்களுக்கு எழுதிவிடாதீர்கள். அவர் ஆடிக்கொண்டிருக்கிறார்.