குப்பைக்கூடை போட்ட மார்க்

பட்டாணிப் புரதத்தில் அச்சு அசல் கறித்துண்டு செய்துவிட்டேன் என்று அந்த ஆராய்ச்சிக்காரி தலைகால் புரியாமல் குதித்ததெல்லாம் போன மாதம். இன்று முகத்தில் ஈயாடவில்லை. நாளை மதியம் தொழிற்சாலை கேன்டீனில் கடைசி வாய்ப்பு. தட்டுகளில் மிச்சம் வந்தால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு, அவளுக்கும் வேலை இல்லை என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். இன்று ருசி பார்த்தவர்கள் எல்லாரும் தாளில் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்கள். அப்புறம் ஏன் ஒருத்தர்கூட இன்னொரு துண்டு கேட்கவில்லை?

"நீங்க பக்கத்துல நின்னு பல்லைக் காட்டிட்டு இருந்தா, எவன் நல்லா இல்லன்னு எழுதுவான்?" என்றார் கேன்டீன் சமையல்காரர். "நானும் ஒன்பதுதான் போட்டேன்!"

"அடப்பாவமே! அண்ணே, நீங்களுமா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி அவளை விடாமல் அரித்தது. அப்படியென்றால் உண்மையில் அவர்களுக்கு எது பிடித்தது? கையுறையை மாட்டிக்கொண்டு எச்சில் கூடைக்கு முன்னால் குந்திவிட்டாள்.

"ஐயய்யே! படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?"

"சும்மா இருங்கண்ணே. இங்க வந்து பாருங்க."

தட்டில் வரிசையாக அடுக்கினாள். முப்பத்திரண்டு துண்டுகள், எல்லாமே நடுப்பகுதி. கல்லில் பட்டு முறுகிய ஓரத்தை மட்டும் எலி கொறித்தது போலச் சுற்றிலும் தின்றிருந்தார்கள். கறி மாதிரி மெத்தென்று இருக்கவேண்டும் என்று அவள் மாதக்கணக்கில் மாரடித்த நடுப்பகுதியை ஒருத்தரும் சீண்டவில்லை.

"அண்ணே, வெறும் ஓரத்தை மட்டும் பண்ணா என்ன?"

சமையல்காரர் சிரிக்க வாயெடுத்தவர், அப்படியே யோசனையில் ஆழ்ந்தார். "மெல்லிசா தட்டி, மொறுமொறுன்னு எடுக்கணும். மிளகாயும் பூண்டும் நான் பாத்துக்கறேன். அளந்து அளந்து போடற உங்க தராசை உள்ள வைங்க. இங்க சாப்பிடற நாக்கு எனக்குத் தெரியும்."

மறுநாள் அவள் தாளும் கொடுக்கவில்லை, வெளியே தலைகாட்டவும் இல்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் குப்பைக்கூடையைக் காவல் காத்தாள். முதல் தட்டு வந்தது, காலி. அடுத்ததும் காலி. பத்தாவது தட்டிலும் ஒரு பொடிகூட இல்லை.

திடீரென்று வெளியே ஒரே கூச்சல். வரிசையில் கடைசியாக நின்ற வெல்டர் தட்டால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அநியாயம் இது! முன்னாடி போனவன் மூணு மூணா அள்ளிட்டான், எனக்கு ஒண்ணுகூட இல்லையா? யாரு இதைப் பண்ணது? வரச் சொல்லு!"

பக்கத்தில் நின்ற மேலாளர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

திட்டு வாங்க அவள் அவ்வளவு ஆசையாக ஓடியது அன்றைக்குத்தான்.