லொரிண்டா அம்மாளின் கடையாணி

இதில் ஒரு சொல்லாவது பொய் என்றால், சொல்கிறவன் தோட்டத்துப் பூசணி இந்த வருஷம் எலுமிச்சை அளவோடு நின்றுபோகட்டும். பைபிளின் மேல் கை வைத்துச் சொல்லவும் தயார். அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் டன்மோர் ஊருக்கே போய், ஸ்டார்க்வெதர் வயல் எங்கே என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

மாசசூசெட்ஸ் மலைகளுக்கு நடுவே அதைப் போல இன்னொரு வயல் கிடையாது. இங்கிலாந்து ராஜாவின் ஆட்சி நடந்த காலத்தில் அங்கே ஒரு சாராயச் சத்திரம் இருந்தது. சிப்பாய்கள் குடித்துவிட்டு உதிர்த்துப் போன பொத்தான்களைப் பார்த்தால், அந்தப் பட்டாளம் மொத்தமும் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். ஏப்ரல் மாதம் அந்தச் சேற்றில் இறங்கிய மாடு மே மாதம்தான் வெளியே வரும். அதுவும் சற்றுச் சதை போட்டுக்கொண்டு.

அந்த வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடக்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் லெமுவேல் பிராக்கெட், ஓய்வு பெற்ற பிளம்பர். மற்றவர் அசா டோன், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இருவரும் சிநேகிதர்கள், அதனால் ஓயாமல் சண்டை. லெமுவேலின் காது ஊரறிந்த காது. ஹெட்போனில் வரும் ஒலியைக் கேட்டே, மண்ணுக்கு அடியில் கிடப்பது ஜார்ஜ் ராஜாவின் செப்புக்காசு என்றும், ராஜா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்லிவிடுவார். ஒரு முறை, "ராஜாவுக்கு ஜலதோஷம்" என்றார். தோண்டிப் பார்த்தால் காசில் மூக்கு தேய்ந்திருந்தது.

ஆனால் அவர் மனசெல்லாம் இருந்தது பைன் மரம் பொறித்த பழைய வெள்ளிக்காசின் மேல். அது அந்த வயலில்தான் கிடக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மற்ற வயல்களில் பீர் டப்பா மூடிதான் கிடைக்கும். ஸ்டார்க்வெதர் வயல் கைவிட்டுப் போனால், மனைவியோடு ஜன்னல் திரைக்குத் துணி பார்க்கப் போவதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது.

பனி உருகியதும் அனுமதியைப் புதுப்பிக்கச் சமையலறைக் கதவைத் தட்டுவது அங்கே வழக்கம். அந்த வருஷம் இருவரும் போய்த் தட்டினார்கள். வயலுக்குச் சொந்தக்காரியான லொரிண்டா ஸ்டார்க்வெதர் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

"உள்ள வராதீங்க. என் வயல்ல பாதி உங்க பூட்ஸ்லதான் இருக்கு. போன வருஷம் ஒரு குழிக்கு நீங்க ரெண்டு பேரும் போட்ட சத்தத்துல என் மாடு ஒரு வாரம் பால் குடுக்கல. இனிமே ஒருத்தருக்குத்தான் அனுமதி."

"யாருக்கும்மா?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"டிராக்டர்ல வண்டியக் கோக்குற கடையாணி, அறுவடையப்போ வயல்ல எங்கேயோ விழுந்துடுச்சு. எங்க தாத்தா கொல்லன்கிட்ட அடிச்சு வாங்கினது. கடையில விக்கிற எதுவும் அந்த ஓட்டையில நிக்காது. அது இல்லாம நான் சோளம் விதைக்க முடியாது. ஓக் இலை அணில் காது அளவு வந்தா விதைச்சாகணும். அதுக்குள்ள யாரு கொண்டு வர்றாங்களோ, வயல் அவங்களுக்கு."

"இரும்பாம்மா?" என்றார் லெமுவேல், வாயில் மீன்முள் அகப்பட்டவர் போல.

"பின்ன, தங்கத்துலயா கடையாணி செய்வாங்க?"

இரும்பு என்றால் மெட்டல் டிடெக்டர் கூட்டத்துக்கு ஆகாது. கருவியில் இரும்பின் ஒலியை அடக்கி வைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். இப்போது அதைத் திறந்துவிட்டதும், எரிந்துபோன சத்திரத்தின் ஆணிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து பன்றிக்கூட்டம் போல உறுமின. லெமுவேல் தோண்டினார். ஆணி, ஆணி, லாடம், மறுபடியும் ஆணி. நடுவில் ஒரு ஸ்பானிய வெள்ளிக்காசு வந்து நேரத்தை வீணாக்கியது. பித்தளைச் செருப்புக் கொக்கி ஒன்று வந்தது. வேண்டாவெறுப்பாகப் பையில் போட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் தேடிய பைன் மர வெள்ளிக்காசு அந்த வாரம்தான் கையில் சிக்கியது. லெமுவேல் அதைத் திருப்பிப் பார்த்து, "சே!" என்றார்.

தூரத்திலிருந்து அசா கத்தினார். "என்னடா, கெடைச்சுதா?"

"இல்லடா, வெறும் வெள்ளி."

"கவலைப்படாத. எனக்கும் காலையிலேர்ந்து பட்டாளத்துப் பொத்தானா வந்து உயிர எடுக்குது."

ஓக் மரத்தில் இலை எலிக் காது அளவு வந்துவிட்டது. லெமுவேல் தூக்கம் இழந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையில் அத்தனை நாளாகச் சேர்ந்த ஆணிகளை முதல் முறையாகக் கொட்டக் கொட்டகையில் இருந்த பீப்பாயின் மூடியைத் திறந்தார். ஒலியை அடக்கினாலும் வயலில் அகப்பட்டுவிடும் குப்பை இரும்பை அங்கேயே போடாமல் எடுத்துவந்துவிடுவது நல்ல தேடுகாரனுக்கு அழகு. விவசாயியின் டயர் கிழியாமல் இருக்கும். அப்படி வருஷக்கணக்காகச் சேர்ந்த பீப்பாய் அது. அதன் மேலாக, போன இலையுதிர் காலத்து இரும்புகளோடு, ஒரு சாண் நீளத்தில் தடித்த தலையோடு கடையாணி படுத்திருந்தது.

அவரே தோண்டியது. 'துரு' என்று அவரே பையில் எறிந்தது.

லெமுவேல் அந்தப் பீப்பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால், குளிர்காலம் முழுக்க அதை வைத்திருந்த திருடன் இவர்தான் என்று ஆகும். ஒரே வழிதான் இருந்தது. திரும்பவும் வயலில் புதைத்துவிட்டு, லொரிண்டா அம்மாள் கண் எதிரே கண்டுபிடிப்பது.

இதுவரை திட்டம் பழுதில்லை. ஆனால் மண்ணிலிருந்து வந்த பொருளைச் சுத்தம் செய்யாமல் விட அவர் கைக்குத் தெரியாது. எண்ணெயில் ஊறப்போட்டார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். சூடு காட்டி மெழுகு பூசினார். பிறகு விடியற்காலையில் கல்சுவர் ஓரமாகப் புதைத்துவிட்டு, லொரிண்டா அம்மாளை அழைத்துவரப் போனார்.

இருவரும் திரும்பி வந்தபோது கல்சுவர் ஓரத்தில் அசா குதித்துக்கொண்டிருந்தார். கையில் கடையாணி.

"கெடைச்சுடுச்சு! லொரிண்டாம்மா, கெடைச்சுடுச்சு!"

லொரிண்டா அம்மாள் கடையாணியை வாங்கிச் சேற்றைத் துடைத்தார். அது கறுகறுவென்று மின்னியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பனியிலயும் சேத்துலயும் கெடந்த இரும்பு, சர்ச்சு மெழுகுவத்தி மாதிரி வழுவழுன்னு இருக்கே, அசா?"

"எனக்கென்னம்மா தெரியும்? இப்பதான் தோண்டினேன். சத்தியமா!"

"உன் பஸ்ல வந்த பசங்க இதவிட நல்லாப் பொய் சொல்லுவாங்க. வீட்டுல வச்சுப் பாலிஷ் போட்டுட்டு இங்க வந்து நாடகமா? வயல் லெமுவேலுக்கு. நீ கெளம்பு."

கேட்டது கிடைத்துவிட்டது. லெமுவேல் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். மூடிக்கொண்டுதான் நின்றார்.

அசா கருவியை அணைத்தார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். வேலியருகே போய்த் திரும்பிப் பார்த்தார்.

"டேய் லெமுவேல், அந்த ஆப்பிள் மரத்துக்குக் கீழ ஒரு குச்சி நட்டு வச்சிருக்கேன். ஒலி ரொம்ப நல்லா இருக்கு. நீயே தோண்டிக்க. மழை வந்தா குச்சி சாஞ்சுடும்."

தேடுகாரன் தான் கேட்ட நல்ல ஒலியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுப்பது என்பது, பல்லைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி. லெமுவேலால் அதைத் தாங்க முடியவில்லை.

"மெழுகு என்னுதும்மா," என்றார்.

பிறகு பீப்பாய், எண்ணெய், பிரஷ் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. லொரிண்டா அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்று, கல்சுவரைப் பிடித்துக்கொண்டார். எதிர்க்குன்றில் மேய்ந்த மாடுகள் எல்லாம் தலைதூக்கிப் பார்த்தன.

"எடுத்துட்டுப் போனவன் நீ. கொண்டுவந்து புதைச்சவனும் நீ. கண்டுபிடிச்சவன் அவன். நான் யாருக்குடா குடுக்கறது? ரெண்டு பேரும் நடங்க. ஆனா ஒரே கருவிதான். ஒருத்தன் கேக்கணும், ஒருத்தன் தோண்டணும். சத்தம் வந்துச்சு, டிராக்டர ஏத்திடுவேன்."

இருவரும் நேரே ஆப்பிள் மரத்தடிக்குப் போனார்கள். லெமுவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"ராஜாதான். வலப்பக்கம் பாக்குறாரு."

"என்னப் பாக்குறாரா, உன்னப் பாக்குறாரா?"

"உன்னத்தான். தோண்டுடா சீக்கிரம், அவருக்கு மூச்சு முட்டுது."

மறுநாள் ஓக் இலை சரியாக அணில் காது அளவுக்கு வந்தது. லொரிண்டா அம்மாள் சோளம் விதைத்தார். கடையாணி வெயிலில் பளபளத்தது.

ஸ்டார்க்வெதர் வயல் எங்கே என்று டன்மோரில் யாரைக் கேட்டாலும் தவறாமல் கைநீட்டிக் காட்டுவார்கள்: நகரத்துக்குக் குடிநீர் தேக்க அணை கட்டிய நாளிலிருந்து, அதாவது லெமுவேலும் அசாவும் பிறப்பதற்கு முன்பிருந்தே, அது ஏரிக்கு அடியில் கிடக்கிறது.